புதிய பந்தா, பாவித்த பந்தா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பாடசாலைக் கிரிக்கெட் அணியில் இடக்கையால் மிதவேகமாகப் பந்து வீசுகிறான். பழைய பந்தில் நன்றாக வீசும் அவன் புதுப்பந்தைக் கொடுத்தால் தடுமாறுகிறான் என்று பயிற்றுவிப்பாளர் சொல்கிறார். மாலையில் தனியாகப் பயிற்சி செய்வதற்குக் கடினபந்துகள் வேண்டும் என்று மகன் கேட்கிறான். முன்பு கழக அணியொன்றில் விளையாடிய எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தன்னிடம் ஒரு பை நிறையப் பாவித்த பந்துகள் இருப்பதாகவும் இரண்டு புதிய பந்துகளின் விலைக்கு அவை எல்லாவற்றையும் தருவதாகவும் சொல்கிறார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி அதிகம் தெரியாது. எதை வாங்குவது? 12 வயது மகளும் அண்ணனோடு சேர்ந்து பந்து வீசப் பழகுகிறாள்.
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இரண்டு புதிய பந்துகளை வாங்குங்கள். பெரியவரின் பையை முழுவதுமாக வாங்க வேண்டாம். அவர் இணங்கினால், கீழே நான் சொல்லும் சோதனைகளில் தேறுகின்ற நான்கைந்து பந்துகளை மட்டும் தெரிவு செய்து, அவற்றுக்குரிய விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பழைய பந்தில் உங்கள் மகன் ஏற்கெனவே நன்றாக வீசுகிறான், புதுப்பந்தில்தான் தடுமாறுகிறான். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பை நிறையப் பழைய பந்துகளைக் கொடுத்தால், தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான். தெரியாதது போட்டி நாளன்றுதான் அவன் கைக்கு வந்து சேரும்.

புதுப்பந்து ஏன் ஒரு பிள்ளையைத் தடுமாற வைக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அதன் தோல் வழுவழுப்பானது. பழைய பந்தின் சொரசொரப்பில் பழகிய விரல்களுக்கு அது நழுவுவதுபோல் இருக்கும். நடுவே ஆறு வரிசைகளாக ஓடும் தையல் மேலெழுந்து நிற்கும். அந்தத் தையலைச் சற்றுச் சாய்வாகத் திருப்பிப் பிடித்து, பறக்கும்போது அது தள்ளாடாமல் நிமிர்ந்தே செல்லும்படி விட்டால், தையல் திரும்பியிருக்கும் பக்கத்தில் காற்று குழம்பி, பந்தின் மேற்பரப்போடு சற்று அதிக தூரம் ஒட்டிச் செல்கிறது. மறுபக்கத்தில் காற்று முன்னதாகவே பந்தை விட்டு விலகிவிடுகிறது. இந்த வேறுபாடே பந்தைத் தையல் காட்டும் திசைக்குத் தள்ளுகிறது. இடக்கைப் பந்துவீச்சாளர் வலக்கைத் துடுப்பாட்டக்காரரை நோக்கி உட்பக்கமாக வளைக்கும் பந்து பிறப்பது இவ்வாறுதான். மணிக்கட்டு சிறிது பிசகினாலும் தையல் தள்ளாடும். பந்து நேராகவே போகும், அல்லது நினைக்காத பக்கத்துக்கு வளைந்து அகலப் பந்தாகும். தையல் அமுங்கிப்போன பழைய பந்தில் இந்தப் பிசகு வெளியே தெரிவதில்லை. எப்படி விட்டாலும் அது ஏறக்குறைய நேராகவே போவதால், பிள்ளை தன் மணிக்கட்டு சரியாக இருப்பதாகவே எண்ணிக்கொள்வான். உங்கள் மகனுக்கு நேர்ந்திருப்பதும் பெரும்பாலும் இதுவே.

இடக்கை மிதவேகத்துக்கு நம் நாட்டிலேயே தலைசிறந்த முன்மாதிரி இருக்கிறார். சமிந்த வாஸ் 2003 உலகக் கிண்ணத்தில், பீட்டர்மாரிட்ஸ்பேர்க்கில், பங்களாதேஷ் அணிக்கு எதிரான போட்டியின் முதல் மூன்று பந்துகளிலேயே மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் அச்சுறுத்தும் வேகம் உடையவர் அல்லர். பந்து முற்றிலும் புதிதாக இருந்த அந்தக் கணத்தில் தையலை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகன் அந்தப் பதிவைத் தேடிப் பார்க்கட்டும்; பார்க்கும்போது துடுப்பாட்டக்காரர்களை விட்டுவிட்டு வாஸின் மணிக்கட்டை மட்டும் கவனிக்கட்டும்.

இவ்வளவு சொன்னதால், பழைய பந்து பயனற்றது என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். 2007 உலகக் கிண்ணத்தில், கயானாவில், தென்னாபிரிக்காவுக்கு எதிராக லசித் மாலிங்க தான் வீசிய அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை எடுத்தது 45ஆவது, 47ஆவது ஓவர்களில். அப்போது பந்தில் மெருகு எதுவும் மிச்சமிருக்கவில்லை. காலடியில் விழும் யோக்கரையும் வேகம் குறைத்து விடும் பந்தையும் பழகுவதற்குத் தேய்ந்த பந்தே பொருத்தம். போட்டியிலும் அவை பெரும்பாலும் அந்த நிலையில்தான் தேவைப்படும். ஆனால் ஒரு பக்கம் நன்றாக உரசிப்போன பந்தை வாங்கினால் ரிவர்ஸ் ஸ்விங், அதாவது தையல் காட்டும் திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பந்து வளைவது, வந்துவிடும் என்று பிள்ளைகளிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நல்ல ரிவர்ஸ் ஸ்விங் மணிக்கு 135 அல்லது 140 கிலோமீற்றர் வேகத்தை எட்டுபவர்களுக்கே கைவரும் வித்தை. 15 வயது மிதவேகப் பந்துவீச்சாளர் அதைத் தேடிப் போனால் தோளைத்தான் வருத்திக்கொள்வார்.

பழைய பந்து வேண்டும். ஆனால் அதை அவன் கையாலேயே பழையதாக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு நான் சொல்ல விரும்பும் பதிலின் நடுப்பகுதி இதுவே. இரண்டு புதிய பந்துகளில் ஒன்றை எடுத்து, அதில் ஒவ்வொரு நாளும் எத்தனை ஓவர்கள் வீசினான் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். முதல் ஐந்து ஓவர்களில் அது எப்படி வளைந்தது, பதினைந்தாவது ஓவரில் என்ன ஆனது, எந்தப் பக்கத்தைத் துணியால் துடைத்து மெருகு காத்தான், தையல் எப்போது அமுங்கத் தொடங்கியது என்பதையெல்லாம் அவன் தன் விரல்களாலேயே அறிந்துகொள்வான். டெஸ்ட் போட்டிகளில் 80 ஓவர்களுக்குப் பிறகுதான் அடுத்த புதுப்பந்தை எடுக்க முடியும் என்பதால், ஒரே பந்தின் எல்லாப் பருவங்களிலும் வீசத் தெரிந்தவரே அங்கு நிலைக்கிறார். யாரோ பழையதாக்கிய பந்து இந்த வரலாற்றை அவனுக்குச் சொல்லாது. முதல் பந்து தேய்ந்த பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். பந்தில் உமிழ்நீர் தடவுவதற்கு இப்போது விதிகளில் இடமில்லை. வியர்வையும் துணியும் போதும் என்பதையும் அவனுக்குச் சொல்லிவையுங்கள்.

இனிப் பெரியவரின் பைக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில், அவர் முன்னிலையிலேயே, ஒவ்வொரு பந்தாக எடுத்துப் பாருங்கள். விளையாட்டைத் தெரிந்தவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நல்ல பந்துகளை அவரே எடுத்துக் காட்டவும் கூடும்.

முதலில் தையலைப் பாருங்கள். நகத்தால் தையலோரமாக ஒரு சுற்று வருடுங்கள். நூல் எங்காவது அறுந்திருந்தாலோ, தோல் விளிம்பு திறந்து நகம் உள்ளே போனாலோ அந்தப் பந்தை ஒதுக்கிவிடுங்கள். அது நிலத்தில் விழுந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது; எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு அது ஆபத்து. நான்கு தோல் துண்டுகளால் ஆன பந்தென்றால், ஒவ்வொரு பாதியின் குறுக்கேயும் உட்புறமாகத் தைத்த ஒரு மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோடு வாய் பிளந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பந்துகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும். நூலின் நிறமும் பேசும். வெள்ளை நூல் அழுக்கேறுவது இயல்பு. கறுத்து, பூஞ்சண வாடை அடித்தால் அந்தப் பந்து மழைக்காலம் முழுவதும் ஈரத்தில் கிடந்திருக்கிறது. நூலும் தோலும் ஒரே சிவப்பாக இருந்தால், யாரோ பழைய பந்துக்கு மேலே சாயம் பூசிப் புதிதாக்க முயன்றிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அடுத்தது உருவம். சமதளமான சீமெந்துத் தரையில், தையல் நிமிர்ந்திருக்க, பந்தை மெதுவாக உருட்டுங்கள். நல்ல பந்து நேராக ஓடும். உருக்குலைந்தது ஆடியாடிப் போகும். தையல் வேலைக்கு வைத்திருக்கும் அளவு நாடாவால் சுற்றளவை இரண்டு திசைகளில் அளந்து பாருங்கள். ஆண்களுக்கான புதிய பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும் என்பது விதி. பாவித்த பந்து இந்த எல்லையைச் சிறிது தாண்டலாம். ஆனால் ஒரு திசையில் ஓர் அளவும் மறு திசையில் கண்ணுக்குத் தெரியுமளவு வேறோர் அளவும் வந்தால் அதை வாங்காதீர்கள்.

எடையை அளவிடச் சமையலறைத் தராசு போதும். புதிய பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கும். தேய்ந்த பந்து சற்றுக் குறைந்திருப்பதில் குற்றமில்லை. கூடியிருந்தால் அது நீர் குடித்த பந்து. வளரும் பிள்ளையின் தோளுக்கும் முழங்கைக்கும் நல்லதல்ல. கடைசியாக, இரு கைகளாலும் பந்தைப் பிடித்துப் பெருவிரல்களால் அழுத்துங்கள். தோல் உள்ளிருக்கும் தக்கையைவிட்டு விலகி நழுவினால் அதன் காலம் முடிந்துவிட்டது. இவற்றில் தேறுபவை யோக்கர் பயிற்சிக்கும் களத்தடுப்புக்கும் பிடியெடுப்புக்கும் நன்றாக உழைக்கும். கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்திலும் சீமெந்து ஆடுகளத்திலும் வீசுவதற்கு இவற்றையே கொடுங்கள். அங்கே புதிய பந்தை இறக்கினால் ஒரு மாலைப் பொழுதிலேயே அதன் மெருகு போய்விடும். புதியவற்றைப் புல்தரைக்கு என்று வைத்துக்கொள்ளட்டும்.

புதியது என்பதாலேயே ஒரு பந்து நல்லதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளால் மூடப்பட்ட மலிவான பந்துகளும் சிவப்பாக, பளபளப்பாக, பெட்டிக்குள் அழகாகவே இருக்கின்றன. அவை கல்லைப்போல் கடினமானவை, வளைவதும் குறைவு. கடையில் தோல் பந்தா என்று கேட்டு, கையில் எடுத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டு துண்டுத் தோலால் ஆனது விலை குறைவு. நான்கு துண்டு கூடுதல். புதுப்பந்துப் பயிற்சிக்கென்று வாங்கும் இந்த இரண்டும் பாடசாலைப் போட்டியில் பாவிக்கும் வகையாகவே இருக்கட்டும். எந்த வகை என்று பயிற்றுவிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அணியிலுள்ள வேறு பிள்ளைகளின் பெற்றோரோடு சேர்ந்து ஒரு பெட்டியாக வாங்க முடிந்தால், கடைக்காரர் விலையைச் சற்றுக் குறைத்துத் தரவும் கூடும்.

திருகோணமலையில் பந்தைப் பேணுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் தையல் நூலை நாளடைவில் பலவீனமாக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையில் மைதானத்துப் புல் காயவே நேரம் எடுக்கும். நனைந்த பந்தை வெயிலில் வைத்து உலர்த்துகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது தோலை வெடிக்க வைக்கும். உலர்ந்த துணியால் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் விடுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டி வைக்காமல் துணிப்பையில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். தோல் இளகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உப்புவெளிக் கடற்கரை உங்களுக்கு எட்டிய தூரத்தில் இருப்பதால், மகன் அங்கே வீசிப் பழக ஆசைப்படலாம். அங்கு மென்பந்தோடு போகட்டும்; ஈர மணலில் ஒரு முறை விழுந்து எழுந்த தோல் பந்து பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கோ அந்த வரி மிகவும் முக்கியமாகப் பட்டது. அண்ணனின் பந்தை அவளிடம் கொடுக்க வேண்டாம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரையே இருக்கும்; சுற்றளவும் 20.5 முதல் 22 சென்ரிமீற்றர்தான். பெரிய பந்தைச் சிறிய கையால் பிடிக்கும் பிள்ளை, விரல்களால் தையலைப் பற்ற முடியாமல் உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்கப் பழகிவிடுவாள். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். வளர்ந்த பிறகும் பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம் வரைதான் என்பதால், அண்ணனின் பந்துக்கு அவள் என்றுமே மாறத் தேவையில்லை. பெரியவரின் பையில் சிறுவர் பந்துகள் கலந்திருக்கக்கூடும். தராசில் 144 கிராமுக்கு மேற்படாமல், சுற்றளவும் சிறியதாக, தையல் உறுதியாக இருக்கும் ஒன்று அகப்பட்டால் அவளுக்கென்று அதை எடுத்துவிடுங்கள். அகப்படாவிட்டால், மகனுக்கு இரண்டு புதிய பந்துகள் வாங்கும்போது மூன்றாவதாக அவளுடைய அளவில் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அதற்காகப் பையிலிருந்து எடுப்பவற்றில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டாலும் மகனின் பயிற்சிக்குக் குறைவு வராது.