சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் பள்ளி ஆலோசகரும்: கேள்வி பதில்

ஆரம்பப் பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

என் மகன் இரண்டாம் வகுப்பு, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்). வாசிப்புக்குச் சிறப்பாசிரியர் இருக்கிறார். ஆலோசகருக்கு இதில் என்ன வேலை?

எழுத்தைச் சிறப்பாசிரியர் பார்த்துக்கொள்வார். ‘நான் மக்கு’ என்று பிள்ளை முடிவு கட்டிவிடாமல் பார்ப்பது எங்கள் வேலை. சத்தமாக வாசிக்கும் பாடவேளைக்கு முன்னால் மட்டும் வயிறு வலிக்கிறதா? தன் முறை நெருங்கும்போது தண்ணீர் குடிக்கப் போகிறானா? இதைக் கவனித்து வகுப்பாசிரியரிடம் பேசுவோம். மறுநாள் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே கொடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லவே கூடாது.

நான் ஆசிரியை. ஆட்டிசம் உள்ள மாணவி ஒருத்தி, மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். அடம் என்று சொல்கிறார்கள்.

அடம் இல்லை மேடம். நமக்குச் சாதாரணமாக இருக்கும் சத்தம் அவளுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எப்போது அலறினாள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எதனால் அடங்கினாள். காரணம் மணிதான் என்று தெரிந்தால், அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் கொடுக்கலாம். அன்றைய வேலைகளை வரிசையாகப் படங்களில் ஒட்டி வைத்தால் அடுத்து என்ன என்ற பதற்றமும் குறையும்.

அப்புறம், ‘எனக்கு ஓய்வு வேண்டும்’ என்ற அட்டை ஒன்று அவள் மேசையில் இருக்கட்டும். அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் அதைப் பழக்க வேண்டும். அலறும்போது எதுவும் மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் குறைவாகப் பேசுங்கள், கேட்காமல் தொடாதீர்கள். அட்டையைக் காட்டினால் உடனே அனுப்புங்கள். ‘இதை முடித்துவிட்டுப் போ’ என்று ஒருமுறை சொல்லிவிட்டாலும் அட்டையை நம்ப மாட்டாள்.

பேச்சே வராத குழந்தைக்குக் கவுன்சலிங் எப்படிக் கொடுப்பீர்கள்?

பொம்மை, படம் வரைதல், களிமண், படப்பலகை (படங்களைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வந்ததைச் சொல்லும் பலகை), பேசும் கருவி (பொத்தானையோ படத்தையோ தொட்டால் குரல் கொடுப்பது) என்று அந்தப் பிள்ளைக்கு எது கைவருகிறதோ அதில்தான். கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பதில் வருவதற்குள் பக்கத்தில் இருக்கும் பெரியவர் அவனுக்காகச் சொல்லிவிடுவதுதான் பெரிய இடைஞ்சல்.

என் மகளின் காது மெஷினைக் கேலி செய்கிறார்கள். வகுப்பில் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லச் சொல்லட்டுமா?

முதலில் அவளைக் கேளுங்கள். தானே காட்டி விளக்க ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு, அந்தப் பேச்சே வேண்டாம் என்பவர்களும் உண்டு. வேண்டாம் என்றால் அவளைச் சுட்டாமல் பொதுவாகப் பேசுவோம். ஆனால் கேலியை நிறுத்த அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளியிடம் இன்றே எழுதிக் கொடுங்கள்.

என் பையனுக்கு ஏடிஎச்டி (கவனக் குறைபாடு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) இருக்கிறதா என்று ஆலோசகரே சொல்லிவிடுவாரா?

மாட்டார். பார்த்ததை எழுதித் தருவார், உரிய நிபுணரிடம் அனுப்புவார்.

பிள்ளை சொல்வதை எங்களிடம் சொல்லிவிடுவீர்களா?

எல்லாவற்றையும் சொல்ல மாட்டோம். ஆபத்து இருந்தால் மட்டும் மறைக்க மாட்டோம். யாராவது அடித்தாலோ தவறாகத் தொட்டாலோ, பிள்ளையின் பாதுகாப்புக்கு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் நாளே பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவோம். உடை மாற்றவும் கழிப்பறைக்கும் பிறர் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு, எது உதவி, எது தவறு என்று தனியாகவே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நீங்களும் வீட்டில் உடலுறுப்புகளின் பெயர்களைக் கூச்சமில்லாமல் சொல்லிக் கொடுங்கள். படப்பலகை பயன்படுத்தும் பிள்ளை என்றால் அந்தப் படங்களும் பலகையில் இருக்கட்டும்.