நத்தைக்கும் எலிக்கும் மருந்து வைக்கும் முன்

கூடலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் காபித் தோட்டத்தை ஒட்டிச் சோலை இருக்கிறது. கீரைப் பாத்தியில் நத்தைத் தொல்லை, வீட்டுக்குள் எலித் தொல்லை. இரண்டுக்கும் மருந்து வைக்கலாமா? இந்தப் பக்கம் அரிய நத்தையும் அரிய எலியும் இருப்பதாகச் சொல்கிறார்களே?”

இருக்கின்றன. நத்தையின் பெயர் இந்திரெல்லா ஆம்புல்லா. சதை சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருக்கும். உடல் முழுவதையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள அதனால் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. உங்கள் கீரையை மேய்வது பெரும்பாலும் ஆப்பிரிக்க நத்தைதான்: ஓடு கூம்பாக நீண்டு, பழுப்புப் பட்டைகளோடு இருக்கும். 1847இல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் நத்தை ஆய்வாளர் பென்சன். மூன்றே ஆண்டுகளில் நம் சிவப்பு நத்தைக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் அவரே.

எலி, வண்டெலூரியா நீலகிரிகா. சுண்டெலி அளவு, உடலைவிட நீண்ட வால், இரவில் மரத்திலேயே நடமாட்டம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்று இடம்பெற்றிருக்கிறது. இதே சாயலில் பரவலாகக் காணப்படும் இன்னோர் இனமும் உண்டு. கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.

பட்டியலில் பெயர் இருப்பது எலிக்கு என்றாலும், உங்கள் தோட்டத்தில் நத்தையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். கிளைகள் ஒன்றையொன்று தொட்டால் போதும், எலி மரம் மாறிப் போய்விடும். நத்தைக்கோ ஈரச் சருகுதான் உலகம். சருகைக் கூட்டி எரித்துவிட்டால், வெயில் காயும் நிலத்தைத் தாண்டி அதனால் போக முடியாது. நத்தை மருந்துக் குருணையும் ஆப்பிரிக்க நத்தை, சிவப்பு நத்தை என்று பார்க்காது. வீட்டு நாய் தின்றால் அதற்கும் ஆபத்து. ஆகவே குருணை வேண்டவே வேண்டாம், உப்பும் தூவாதீர்கள். சாயங்காலம் பாத்தியோரம் நனைத்த கோணிச்சாக்கை விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலை போடுங்கள். காலையில் ஒதுங்கியிருக்கும் ஆப்பிரிக்க நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கிவிடலாம். சிவப்பு நத்தை இருந்தால் சோலைப் பக்கச் சருகில் விட்டுவிடுங்கள்.

அப்புறம் எலி. தோட்டத்திலும் மரத்தடியிலும் எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். வீட்டுக்குள் கூண்டுப் பொறி போதும். தப்பித்தவறி நீண்ட வால்காரன் மாட்டினால், இருட்டியதும் சோலையோர மரத்தடியில் திறந்துவிடுங்கள்.