சிசி கணக்கிலிருந்து காலேஜ் ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். மகன் பிளஸ் டூவில் 54 சதவீதம். சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக் சேர்த்தால்தான் நம் கௌரவத்துக்குச் சரி என்கிறார் மைத்துனர். வருட ஃபீஸ் நாலரை லட்சம், ஹாஸ்டல் ஒன்றேமுக்கால், ரசீது இல்லாத டொனேஷன் 10 லட்சம். கம்பெனியின் 80 லட்ச சிசி (கேஷ் கிரெடிட், தொழில் நடத்த வங்கி தரும் கடன்) லிமிட்டிலிருந்து எடுக்கலாமா? வட்டி பத்தரைதான். மகள் கல்யாணத்துக்கு எடுத்த 15 லட்சமும் அதிலேயே நிற்கிறது. 20 லட்சம் எஃப்.டி. முதிர்கிறது, யூலிப்பில் (முதலீடும் சேர்ந்த இன்ஷூரன்ஸ்) போடச் சொல்கிறார் ஏஜென்ட்.

பதில்: காலேஜை விட அந்தக் கல்யாணக் கடன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாலு வருடத்தில் காலேஜுக்கு 35 லட்சம். பழைய 15-ஐயும் சேர்த்தால் 50. நூல் வாங்க மிஞ்சுவது 30 லட்சம். புதுக் கடனுக்கு மட்டும் வட்டி, குத்துமதிப்பாக, முதல் வருடம் 1.7 லட்சம், நாலாம் வருடம் 3.7, மொத்தம் பத்தேமுக்கால்.

வட்டியோடு போவதில்லை. டிராயிங் பவரை, அதாவது சிசியில் நீங்கள் எடுக்கக்கூடிய தொகையை, வங்கி உங்கள் ஸ்டாக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துத்தான் போடுகிறது. ஃபீஸாகப் போன பணம் ஸ்டாக்காக நிற்காது. ஆர்டர் குறைந்த சீசனில் டிராயிங் பவர் இறங்கும், பாக்கி அதற்கு மேல் நிற்கும். தொடர்ந்து 90 நாள் அப்படி நின்றால் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். சொந்தச் செலவுக்கு எடுத்த பணத்தின் வட்டியைத் தொழில் செலவாகக் காட்டவும் முடியாது.

வசதியுள்ள வீட்டுப் பையனுக்குப் பணம் கட்டிப் படிப்பு வாங்கித் தருவதில் தவறில்லை, அவனால் முடிக்க முடிகிற படிப்பாக இருந்தால். கணக்கு வராதவனுக்கு பி.டெக் என்றால் அரியர்தான் சேரும். ரெண்டாம் வருடம் விட்டுவிட்டு வந்தால் அந்த 10 லட்சத்தைக் கேட்க உங்களிடம் ரசீதுகூட இருக்காது. இப்படி டொனேஷன் என்று வாங்கும் கேபிடேஷன் ஃபீஸைத் தமிழ்நாடு 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அதைக் கொடுக்கவே வேண்டாம்.

வீட்டிலிருந்தே போய்வரும்படி திருப்பூரிலோ கோவையிலோ பி.பி.ஏ. அல்லது பி.காம். பாருங்கள். வருடம் ஒன்றரை லட்சம் என்று தாராளமாக வைத்தாலும் மூன்று வருடத்துக்கு நாலரைதான். மாலையில் கட்டிங், பேக்கிங் பக்கம் நிற்கட்டும். சேர்க்குமுன் போன பேட்ச்சில் அரியர் இல்லாமல் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெரிய பேக்கேஜ் வாங்கிய ஒருவரின் ஃபோட்டோ போதாது.

யூலிப் இப்போது எதற்கு? ஐந்து வருடம் எடுக்க முடியாது, உங்களுக்குப் பணம் ஜூனில் வேண்டும். எஃப்.டி.யில் 15 லட்சத்தை சிசியில் கட்டுங்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வட்டி உடனே நிற்கும். மீதி 5 லட்சம் படிப்புக்கு. மாதம் ஒரு தொகையை கம்பெனியிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, வீட்டுச் செலவு எல்லாவற்றையும் அங்கிருந்தே செய்யுங்கள். சிசி செக் புக் ஆபீஸிலேயே இருக்கட்டும்.