பதிமூணும் அரை இஞ்ச்சும் ஒன்றல்ல

கேள்வி: அப்பா விட்டுப்போன பெட்டியில் எல்லாம் இஞ்ச் ஸ்பானர்கள், நான் வாங்கியவை மில்லிமீட்டர். கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் திருகுவதில் நட்டுத் தலைகள் உருண்டு போகின்றன. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே செட் இருக்கிறது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதன் மேல் 13 ஸ்பானரைப் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும், அந்த ஆட்டம்தான் நட்டின் ஆறு மூலையையும் தின்கிறது. இரண்டுக்கும் பொருந்த வேண்டுமென்றால் வாயைக் கொஞ்சம் பெரிதாக வைத்தே ஆக வேண்டும், அப்படி ஒன்றைத்தான் அவர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். இத்தனை உருப்படி என்று பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணிக்கைக்கும் மயங்க வேண்டாம், பாதி நீங்கள் தொடவே தொடாத அளவாக இருக்கும்.

முக்கால் இஞ்ச் 19.05, அதனால் 19 ஸ்பானர் தாராளமாகப் போடலாம். 5/16 இஞ்ச்சுக்கு 8-ஐயும் போடலாம். மற்றதை வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து அளந்துவிட்டு எடுங்கள்.

ஸ்பானரைவிட எனக்குப் பெரிய கவலை மரை, அதாவது போல்ட்டில் சுற்றி வெட்டியிருக்கும் புரி. 8 மி.மீ. தடிமன் போல்ட்டும் 5/16 இஞ்ச் தடிமன் போல்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சாதாரண 8 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., இஞ்ச்சுக்கு 18 மரை உள்ள 5/16-இல் சுமார் 1.41. நட்டு இரண்டு சுற்று சுலபமாக ஏறும், அப்புறம் இறுகும், சரி, பிடித்துவிட்டது என்று நினைத்து முறுக்குவீர்கள், அவ்வளவுதான், மரை போச்சு. கையால் கடைசிவரை ஏறாத நட்டுக்கு ஸ்பானர் போடவே போடாதீர்கள். மரை இடைவெளியைப் பார்க்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்குங்கள், அந்தச் செட்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் அது ஒரு சிறு பங்குகூட ஆகாது.

குழாய் மட்டும் தனிக் கணக்கு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். அரை இஞ்ச் குழாய் மரையை வெர்னியரில் அளந்தால் 12.7 வராது, 21 மி.மீ.-க்கு ஒட்டி வரும். அளவு தப்பு என்று நினைத்து 20-லோ 22-லோ மில்லிமீட்டர் மரை தேடிப் போகாதீர்கள், கிடைத்தாலும் சேராது, சேர்ந்தாலும் ஒழுகும். அந்த ‘அரை’ ஒரு காலத்தில் குழாயின் உள்வாயைக் குறித்தது, இன்று அது வெறும் பெயர். மில்லிமீட்டரே புழங்கும் நாடுகளிலும் குழாய் மரை இஞ்ச்சில்தான் ஓடுகிறது.

1959-லேயே ஒரு இஞ்ச் என்றால் சரியாக 25.4 மி.மீ. என்று ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டார்கள். இஞ்ச்சே மில்லிமீட்டரை வைத்துத்தான் நிற்கிறது என்றான பிறகும் இரண்டையும் ஓடவிட்டு, பட்டறையில் இருப்பவன் தலையில் ஏன் இந்தச் சுமை? எனக்கு இது ஆறவே இல்லை.

அப்பாவின் ஸ்பானர்களைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய மெஷினுக்கு அவைதான் கச்சிதமாக உட்காரும். இஞ்ச்சுக்குச் சிவப்பு, மில்லிமீட்டருக்கு நீலம் என்று பிடியில் பெயிண்ட் அடித்து வேறு வேறு பெட்டியில் வையுங்கள். நட்டு, போல்ட் டப்பாக்களுக்கும் அதே நிறம்.