ஊறாத கோரை

கேள்வி: பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் குழு ஒன்றுக்கு நான் தலைவி. கோரையை ஓடும் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு எடுக்க வேண்டும் என்று கூட்டந்தோறும் சொல்கிறேன். ‘சரிக்கா’ என்று தலையாட்டிவிட்டு, அரைகுறையாக ஊறியதையே அள்ளி வருகிறார்கள். போன தை முகூர்த்தத்துக்கு வந்த கல்யாணப் பாய் ஆர்டருக்கு மட்டும், அவசரம் கருதி, நானே அதற்கு ஒப்புக்கொண்டேன். இவர்களுக்கு நான் முன்மாதிரி ஆவது எப்படி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் முன்மாதிரி ஆகிவிட்டீர்கள், அந்தத் தை மாதமே ஆகிவிட்டீர்கள் என்பதுதான் சிக்கல்.

பின்பற்றுவோரின் நோக்கத்தையே உயர்த்தும் தலைமையைப் பற்றி அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மக்கிரிகர் பர்ன்ஸ் 1978-இல் எழுதினார். 1985-இல் உளவியலாளர் பெர்னார்டு பாஸ் அதை விரித்தார். அத்தகைய தலைவர் சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பவர், ஆபத்தில் தம் பங்கை ஏற்பவர், தம் தேவையைப் பின்னுக்குத் தள்ளுபவர் என்பதாலேயே மற்றவர்கள் அவரைப் போல இருக்க விரும்புகிறார்கள் என்பது அந்த ஆய்வுகளின் சாரம்.

நம் சீமைக்கு இது புதிதல்ல. 1908-இல் வெள்ளையர் நடத்திய தூத்துக்குடி கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைக் காப்பாற்றுவதே வ.உ.சி.க்குப் பெரும்பாடாக இருந்தது. ஆலை விவகாரத்தில் தலையிட்டால் அரசின் பகை முற்றும் என்று தெரிந்தும் அவர் அவர்களோடு நின்றார், கூலியும் உயர்ந்தது. மார்ச் 12-இல் அவர் கைதானபோது, கேட்டது கிடைத்துவிட்ட அதே தொழிலாளர்கள், தமக்கென்று எதுவும் கேட்காமல், அவருக்காக மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக நின்றவர்கள் இன்னொருவருக்காக நிற்கக் கற்றது அவரைப் பார்த்துத்தான்.

உங்கள் பெண்களும் பார்த்தார்கள். விதியைக் காத்தால் நட்டம் என்ற நாளில் அக்கா விதியை விட்டார் என்பதைக் கண்டுகொண்டார்கள். கூட்டத்தில் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு காதில் ஏறுமா?

ஆகவே அடுத்த கூட்டத்தில், ‘அன்றைக்கு நான் செய்தது தப்பு’ என்று சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (தலைவியின் மதிப்பு குறைந்துவிடும் என்று யாராவது ஓதினால் நம்ப வேண்டாம்.) அவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்றும் கேளுங்கள், கைக்கு வரும் கூலி பாய்க் கணக்கில்தான் என்றால், காத்திருக்கும் நாள்களுக்கு வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டியிருக்கும். அதன்பின் அவசர ஆர்டர் வரும்போது, ‘கோரை இன்னும் ஊறவில்லை, நாள் வேண்டும்’ என்று வியாபாரியிடம் அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். ஆர்டர் கைவிட்டுப் போனால், முதலில் குறைவது உங்கள் பங்காக இருக்கட்டும்.