பெல்ட் மாற்றியும் மெதுவாகச் சுழலும் டர்ன்டேபிள்

வணக்கம். சிங்க்ரனஸ் மோட்டார் கொண்ட உங்கள் பழைய டர்ன்டேபிள், புது பெல்ட் போட்ட பிறகும் மெதுவாகச் சுழல்வதாகவும், இசைத்தட்டின் கடைசிப் பாடல்களில் ஒலி சிதைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள் என்றே கருதுகிறேன்.

அவ்வகை மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் அதிர்வெண்ணே தீர்மானிப்பதால், முதலில் உராய்வைத்தான் தேட வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்து, சுழல்தட்டைக் கழற்றி, அச்சிலும் அது அமரும் குழியிலும் கெட்டிப்பட்ட பழைய எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்தெடுத்து, மெல்லிய இயந்திர எண்ணெயைச் சில துளிகள் மட்டும் விடுங்கள். மோட்டார் அச்சுக்கும் இதே கவனிப்பு தேவை. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், வேகத்தைச் சரிபார்க்க உதவும், 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தட்டைப் பழைய குண்டு பல்பின் ஒளியில் சுழலவிடுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று அமைந்ததும் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.

ஒலிச் சிதைவுக்கு வருவோம். ஊசியைக் கடக்கும் பள்ளத்தின் வேகம் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. என்றால், கடைசிப் பாடல்கள் அமைந்த உள்வட்டத்தில் 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தில் உள்ள சிறு பிழையும் அங்கேதான் காதில் உறுத்தும். ஊசி தேயவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கோண அளவுத்தாளை வைத்துக் கார்ட்ரிட்ஜைத் திருத்துங்கள். இசைத்தட்டு தேயுமென்று அஞ்சி, ஊசி அதன்மேல் அழுத்தும் எடையைக் குறைக்காதீர்கள். எடை போதாமல் துள்ளும் ஊசிதான் பள்ளத்தை அதிகம் கெடுக்கிறது.