டிக் டைகரும் பரிதாபமும்

கேள்வி: நைஜீரியக் குத்துச்சண்டை வீரர் டிக் டைகர் இரண்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றும், பாவம், கடைசியில் நியூயார்க்கில் காவலாளி வேலை பார்த்தாராமே? அரசியலில் தலையிடாமல் இருந்திருந்தால் நன்றாக வாழ்ந்திருப்பார் அல்லவா?

பதில்: அந்தப் 'பாவ'த்தை முதலில் வாபஸ் வாங்குங்கள். மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் காவலர் வேலை பார்த்தார், உழைத்துச் சம்பளம் வாங்கினார். இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது? விளையாட்டுப் பக்கங்களைப் பிடித்திருக்கும் வியாதி இது. களத்தில் இருக்கும்வரை ஒரு வீரனைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஓய்ந்ததும் கண்ணீரும் கையுமாக வந்து நிற்பார்கள். அவன் எப்படிச் சண்டை போட்டான் என்று எழுத மட்டும் ஆளில்லை.

நான் எழுதுகிறேன். இயற்பெயர் ரிச்சர்ட் இஹேட்டு, இக்போ இனத்தவர். 1950களின் நடுவில் லிவர்பூலுக்குப் போய் முதல் நான்கு சண்டைகளிலும் தோற்றார். மூட்டை கட்டவில்லை. 1958இல் அதே லிவர்பூலில் பாட் மெக்காட்டீரை வீழ்த்தி பிரிட்டிஷ் பேரரசின் மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) பட்டத்தைப் பிடித்தார். 1962இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜீன் ஃபுல்மரை வென்று உலகப் பட்டம். அடுத்த ஆண்டு நைஜீரியாவின் இபாடானில், சொந்த மக்கள் முன்னால், மறுபடியும் ஃபுல்மர். ஏழு சுற்றுகளில் வாங்கிய அடியில் எட்டாவது சுற்றுக்கு ஃபுல்மர் எழுந்து வரவில்லை. டைகரிடம் அலங்காரம் கிடையாது: முன்னே வருவார், இடது ஹூக்கை, அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்தை, இறக்குவார், அடி வாங்கினாலும் மறுபடி முன்னே வருவார்.

அந்த டிசம்பரில் ஜோயி ஜியார்டெல்லோவிடம் புள்ளிக்கணக்கில் பட்டம் பறிபோனது. மீட்க ஒரு வாய்ப்புக் கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. சவால் விடுபவனைக் காக்க வைத்தே கிழவனாக்கும் இந்த வழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை திட்டியிருக்கிறேன், இன்னும் திட்டுவேன். இப்போது நிலைமை அதைவிட மோசம். பட்டம் வழங்க நான்கு அமைப்புகள், ஒரே எடைக்கு நான்கு சாம்பியன்கள், ஒருவரோடு ஒருவர் மோதாமலே காலம் தள்ளலாம். டைகர் 36 வயதில் பட்டத்தை மீட்டார். அடுத்த ஆண்டு எமில் கிரிஃபித்திடம் இழந்த கையோடு, 5 அடி 8 அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு மிடில்வெயிட்டைவிடக் கனமான லைட் ஹெவிவெயிட் பிரிவுக்கு ஏறி, ஹோசே டாரஸிடமிருந்து அந்தப் பட்டத்தையும் வாங்கினார்.

அரசியலுக்கு வருவோம். 1966இல் வடக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1967இல் இக்போ மக்கள் வாழும் கிழக்குப் பகுதி, பியாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்தது. நைஜீரிய அரசு போட்ட முற்றுகையில் குழந்தைகள் பட்டினியால் செத்தார்கள். டைகர் கையுறையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? பியாஃப்ரா ராணுவத்தில் சேர்ந்து வீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்தார். நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்த பிரிட்டன் தமக்குத் தந்திருந்த எம்.பி.இ. என்ற அரச கௌரவ விருதை 1969இல் திருப்பி அனுப்பினார். விளையாட்டில் அரசியல் கூடாது என்று உபதேசிப்பவர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. வெற்றி பெற்றவனோடு படம் பிடித்துக்கொள்ள முதலில் ஓடி வருபவர்கள் அரசியல்வாதிகள்தானே? அப்போது இந்த உபதேசிகள் எங்கே போகிறார்கள்?

போரில் சொத்து போனது உண்மை. 1971இல், 42 வயதில், கல்லீரல் புற்றுநோயால் அபா நகரில் இறந்ததும் உண்மை. ஆனால் 1968இல் பாப் ஃபாஸ்டரிடம் நாலாவது சுற்றில் விழுந்து, வாழ்நாளில் முதல் முறையாக நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழ முடியாமல் கிடந்தவர், அதே ஆண்டு ஃபிராங்க் டிபாலாவிடம் இருமுறை தரையைத் தொட்டு எழுந்து வென்றார். மறு ஆண்டு மிடில்வெயிட் சாம்பியன் நீனோ பென்வெனுட்டியையும் தோற்கடித்தார். அப்போது வயது 39. அந்தச் சண்டையில் பட்டம் பணயம் வைக்கப்படவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.